அளவறிந்த இல்லம்: மிகுபொருள் விரும்பாமையும் மளிகைச் செலவும்

அறம் துறவறம், இல்லறம் என இருவகைப்படும். துறவறத்தார் உடைமை அனைத்தையும் நீக்குவர். இல்லறத்தார் உடைமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வர். இந்த எல்லை வகுத்தலையே நம் முன்னோர் மிகுபொருள் விரும்பாமை என்றும், பரிமிதப் பரிக்கிரகம் என்றும் வழங்கினர். ஐந்து அணுவிரதங்களுள் இஃது ஐந்தாவது. கொல்லாமையையும் இரவுண்ணாமையையும் நம் இல்லங்களில் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஐந்தாம் நோன்போ பெரும்பாலும் நூலளவில் நிற்கிறது. நிலமும் பொன்னும் மிகுதியாக உடையவர்க்கே அது உரியது, மாத வருவாயில் வாழ்வோர்க்கு அதனால் ஆவதென்ன என்று எண்ணிவிடுகிறோம்.

அந்நோன்பு அடுக்களையிலும் கடைப்பிடிக்கத் தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அலமாரி நிரம்பி வழியும் வீட்டில் மளிகைச் செலவு குறைவதில்லை, பெருகுகிறது. இருப்பது கண்ணுக்குத் தெரியாதபோது அதையே மீண்டும் வாங்குகிறோம். மீண்டும் வாங்கியது பழையதை மறைக்கிறது. மறைந்தது கெடுகிறது. கெட்டதில் உயிர்கள் தோன்றி மடிகின்றன. ஆதலால் ஐந்தாம் நோன்பில் நேரும் வழு முதல் நோன்பிலும் வழுவாகிறது. இத்தொடர்பை நம் முன்னோர் எவ்வாறு அறிந்திருந்தனர், அது நம் கையைவிட்டு எவ்வாறு நழுவியது என்பதைச் சற்றே பின்னோக்கிக் காண்போம்.

உப்பு வணிகனும் கற்படுக்கையும்

மதுரைக்கு அருகே அழகர்மலையில், கிடாரிப்பட்டியை அடுத்த குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை என அறிஞர் கருதும் அக்கல்வெட்டுகளில் கொடையாளர் பெயர்கள் காணப்படுகின்றன. அவர்களுள் ஒருவர் உப்பு வணிகர். மற்றொருவர் பாணித வணிகர், அதாவது வெல்லப்பாகு விற்றவர். இன்னொருவர் கொழு வணிகர். உப்பும் வெல்லமும் விற்றவர்களை இன்றைய வழக்கில் மளிகை வணிகர் எனலாம். தமிழ்நாட்டுச் சமணத்தின் மிகப் பழைய சான்றுகளுள், மளிகைப் பொருள் விற்று ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி முனிவர் தங்கும் கற்படுக்கைக்குச் சென்றதைக் காண்கிறோம்.

அந்தப் படுக்கைகளில் தங்கிய முனிவர்களிடம் இருந்த பொருள்கள் எவை? மரபு அவர்களுக்கு மூன்றையே இசைகிறது: உயிர்களை மெல்ல விலக்க மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்திற்குச் சாத்திரம். அந்த மூன்றையுங்கூட அவர்கள் விருப்பம்போல் எடுத்துவிட முடியாது. ஐந்து சமிதிகளுள் ஒன்று எடுத்தலையும் வைத்தலையும் பற்றியது. ஒரு பொருளை எடுக்குமுன்னும், ஓரிடத்தில் வைக்குமுன்னும், கண்ணால் நோக்கிப் பீலியால் வருடி, உயிர் ஏதும் இல்லை எனத் தெளிந்த பின்பே செயற்பட வேண்டும். மூன்றே பொருள் உடையவர்க்கு இத்தனை கவனம் விதிக்கப்பட்டது. முந்நூறு பொருள் உடைய நமக்கு எத்தனை கவனம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மாதரி கொடுத்த அடுக்களை

இல்லறத்தாரின் அடுக்களை எப்படி இருந்தது என்பதற்குச் சிலப்பதிகாரம் ஒரு சான்று தருகிறது. மதுரைக் காண்டத்துக் கொலைக்களக் காதையில், ஆயர்குல முதுமகள் மாதரி, கோவலனையும் கண்ணகியையும் தன் பாதுகாப்பில் தங்கவைக்கிறாள். வந்தவர் சாவக நோன்பு உடையவர் என்பதை அவள் அறிவாள். ஆதலின், பகற்பொழுதிலேயே உணவு சமைத்தற்கு ஏற்ற நல்ல கலங்களைக் கொடுக்குமாறு தன் சுற்றத்தாரிடம் சொல்கிறாள். பின்னர் வந்து சேர்பவை பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால்படு பொருள்கள். ஐயையின் துணையோடு கண்ணகி அவற்றைச் சமைக்கிறாள்.

இளங்கோவடிகள் பொருள்களை எண்ணிச் சொல்கிறார். அவை ஒரு பொழுது உணவுக்குப் போதுமானவை. அடுத்த பொழுதுக்கென மூலையில் ஒதுக்கப்பட்டது எதுவும் பேசப்படவில்லை. வறுமையால் அமைந்த அளவு என்று இதனைத் தள்ளிவிடக் கூடாது. கொடுக்கும் மாதரி விருந்தோம்பலில் குறையாதவள். சமைக்கும் கண்ணகி மாநாய்கன் மகள். சாவக நோன்பு உடையவரின் சமையல் பகலில் முடிவது, மிச்சம் வைக்காதது. இரவுண்ணாமை என்ற ஒரே ஒழுக்கம் அடுக்களையில் எஞ்சும் பொருளையும் இயல்பாகக் குறைத்துவிடுகிறது என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

ஆசாரியர்கள் வகுத்த அளவு

இல்லறத்தார் ஒழுக்கத்தை முறைப்படுத்திய நூல்களுள் தலையாயது சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம். காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் ஆசாரியர் அவர். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு; நூற்பெயரும் அதன் தமிழாக்கமே. இந்நூல் மரபில் மிகுபொருள் விரும்பாமைக்கு நேரும் ஐந்து வழுக்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அதிசங்கிரகம், அளவுக்கு மேல் சேர்த்து வைத்தல். திருடுவதும் பிறரை வஞ்சிப்பதும் வேறு நோன்புகளுக்கு உரிய வழுக்கள். நேர்மையாக ஈட்டிய பணத்தில் வாங்கிய பொருளாயினும் அளவுக்கு மேல் குவிந்தால் அதுவும் ஒரு வழுவே என்பது ஆசாரியர் கருத்து.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் இதே நோன்பின் எல்லைகளைப் பொருள்வகையால் பகுக்கிறது. நிலமும் வீடும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், ஏவலாளர், இறுதியாகக் குப்பியம். ஆடை, பாத்திரம் முதலிய வீட்டுச் சாமான்களைக் குப்பியம் என்பர். தானியமும் சாமானும் ஒரே பட்டியலில் நிற்பது கருதத்தக்கது. பொன்னுக்கு எல்லை வகுத்தால் போதாது. பாத்திரத்துக்கும் பருப்புக்கும் எல்லை வேண்டும் என்றே அந்நூல் கொள்கிறது.

அடுத்து, நுகர்ச்சிப் பொருள்களை ஆசாரியர்கள் இரண்டாகப் பிரித்தனர். ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்ந்துபோவது போகம்; உணவு, மலர் போன்றவை. மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். ஆடை, அணிகலன் போன்றவை. இவ்விரண்டுக்கும் அளவு வகுப்பதே போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதம். இந்த அளவை வாழ்நாள் முழுதும் கொள்ளலாம், அது யமம். ஒரு காலத்துக்கு மட்டும் கொள்ளலாம், அது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் என நியமத்துக்குரிய காலங்களையும் சமந்தபத்திரர் எண்ணித் தந்துள்ளார். எளியவரும் தொடங்கத்தக்க சிறு அளவிலிருந்து படிப்படியாக உயர்த்தும் முறை இது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பயனின்றிச் செய்யும் தீங்கைத் தவிர்ப்பது அனர்த்த தண்ட விரதம். நமக்கும் பயனில்லை, பிறர்க்கும் பயனில்லை, ஆயினும் உயிர்க்குத் தீங்கு நேர்கிறது எனில் அது அனர்த்தம். இவ்விரதத்துக்குரிய வழுக்களுள் நுகர்பொருளின் மிகுதியைத் தத்துவார்த்த சூத்திரம் சேர்த்துள்ளது. அச்சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூச்சியபாதர், எவ்வளவு பொருளால் நுகர்ச்சி நிறைவேறுமோ அவ்வளவே பயனுடையது, அதற்கு மேற்பட்டது பயனற்றது என விளக்குகிறார். இவருடைய மாணவர் வச்சிரநந்தியே மதுரையில் திரமிள சங்கத்தை நிறுவியவர் என்று தேவசேனரின் தர்சனசாரம் கூறுகிறது. ஆகவே இக்கருத்து தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த அயற்கருத்து அன்று. நம் ஆசாரிய மரபோடு ஒட்டி வளர்ந்தது.

குதிரும் மரக்காலும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பெரும்பாலும் வேளாண் குடியினர். ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் சேர்த்து வைத்தவர்கள். அவர்கள் மிகுபொருள் விரும்பியவர்களா?

அல்லர். சேமிப்பு வேறு, குவிப்பு வேறு. குதிரில் இருந்த நெல் இத்தனை கலம் என்பது வீட்டாருக்குத் தெரியும். விதைக்கு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, ஈகைக்கு இவ்வளவு என்று அது முன்பே பகுக்கப்பட்டது. அன்றாடம் அரிசி எடுப்பதற்கு அளவு உண்டு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளந்து எடுப்பவருக்கு எஞ்சியிருப்பது எவ்வளவு என்ற கணக்கு மனத்தில் நிற்கும். குதிரின் அடிப்புறத்துத் துளை வழியே நெல்லை எடுத்தபோது முன்னே போட்டதே முன்னே வந்தது.

அடுக்களைச் சாமான்களும் அவ்வாறே. அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் கடுகும் மிளகும் சீரகமும் ஒரே பார்வையில் தெரியும். எது குறைகிறது என்பதை எவரும் சொல்லாமலே அறியலாம். கோடை வெயிலில் பருப்பும் புளியும் மிளகாயும் உலர்த்தப்பட்டபோது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் வீட்டிலுள்ள பொருள் அனைத்தும் வெளியே வந்து கண்ணில் பட்டது. துவரைக்குச் செம்மண் கட்டுதல், தானியத்தில் வேப்பிலையும் வசம்பும் இடுதல் முதலியன பூச்சி வந்தபின் அழிக்கும் வழிகள் அல்ல. வராமல் காக்கும் வழிகள்.

மாவுக்கு நம் திகம்பர மரபு நாள்வரையறையும் செய்தது. அரைத்த மாவை மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் வரை பயன்படுத்தலாம். அதற்கு மேல் ஆகாது. ஈரம் மிகுந்த காலத்தில் நுண்ணுயிர் விரைந்து தோன்றும் என்பதை உணர்ந்து வகுத்த அளவு இது. பொட்டலத்தின்மேல் நாள் அச்சிடும் சட்டங்கள் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, மரியாதை என்ற பெயரால் இந்நாட்கணக்கு சாவகர் இல்லங்களில் இருந்தது. ஒருவார மாவை மட்டும் அரைப்பவர் வீட்டில் மாவு குவிவதற்கு இடமே இல்லை.

அளவு நழுவிய காலம்

பங்கீட்டு அட்டைக் காலத்துத் தட்டுப்பாடு மக்கள் மனத்தில் ஓர் அச்சத்தை விதைத்தது. கிடைக்கும்போது வாங்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்திற்கு நியாயமானதே. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை பரவியது. படியும் ஆழாக்கும் மெல்ல மறைந்தன. கிலோக் கணக்கில் தீங்கு ஏதும் இல்லை. ஆனால் ஒரு வேளைக்கு எத்தனை ஆழாக்கு என்று கை அறிந்திருந்த அளவு நினைவிலிருந்து நீங்கியது. பின்னர் பொருள்கள் கடையிலேயே பொட்டலங்களாகக் கட்டப்பட்டு வந்தன. நமக்கு வேண்டிய அளவை நாம் கேட்டு வாங்கிய நிலை போய், பொட்டலத்தின் அளவே நம் அளவாயிற்று. குளிர்பதனப் பெட்டி வந்தது. இன்றே சமைத்து இன்றே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பு, தேவையைக் கேட்காமலே பொருளை வீட்டுக்குள் அனுப்பியது.

இதே காலத்தில் உபபோகப் பொருளும் பெருகிற்று. திருமணத்திலும் புதுமனை புகுவிழாவிலும் வந்த எவர்சில்வர் பாத்திரங்கள், மூடியிழந்த டப்பாக்கள், பயன்படாத சமையற் கருவிகள், எதற்கேனும் உதவும் என்று கழுவி வைத்த பிளாஸ்டிக் கிண்ணங்கள் அலமாரியின் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டன. உணவுப் பொருள் பின்னே தள்ளப்பட்டது. உபபோகம் போகத்தை மறைத்த கதை என்று இதனைச் சொல்லலாம். பாசிப்பருப்பு பின்வரிசையில் இருக்கும். கடைக்குச் செல்பவர் அது தீர்ந்துவிட்டது என எண்ணி மேலும் ஒரு கிலோ வாங்குவார். வீட்டில் ஒருவர் சமைக்க, வேறொருவர் கடைக்குச் செல்லும் இக்காலத்தில் இது மேலும் எளிதாக நிகழ்கிறது. ஆகவே இதனைப் பெண்டிர்மேல் சுமத்தும் குற்றமாகக் கொள்ளலாகாது; கூடையைத் தூக்குபவர் எவரோ அவர்க்கெல்லாம் இதில் பங்கு உண்டு.

மாதந்தோறும் அரைக்கிலோப் பருப்பு இவ்வாறு வீணாகும் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். ஓராண்டில் அது 6 கிலோ. எண்ணெய், மாவு, மசாலாப் பொடி, ஊறுகாய் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு மாத மளிகைச் செலவையே குப்பையில் இட்டதற்கு ஒப்பாகிவிடும். உலக அளவிலும் நிலை வேறன்று. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. தோல், கொட்டை போன்ற உண்ணாத பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும். ஆயினும், வீணாவது விருந்து மண்டபங்களில் மட்டுமே என்ற நம் எண்ணத்தை இது மாற்றப் போதுமானது.

பின்வரிசையில் நேரும் கொலை

பணம் போனால் ஈட்டலாம். உயிர் போனால்? அரிசி வண்டு அரிசிமணியைத் துளைத்து அதனுள் முட்டையிட்டுத் துளையை மூடிவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே வளர்கிறது. வெப்பமான நாட்டில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. பயறு வண்டு பயற்றின் மேற்பரப்பில் முட்டையிடுகிறது. புழு உள்ளே துளைத்துச் செல்கிறது. மூன்று மாதம் மறந்துபோன ஒரு பொட்டலத்தில் எத்தனை தலைமுறை உயிர்கள் தோன்றியிருக்கும்! அதைக் கண்டவுடன் வெயிலில் கொட்டினாலும், வெந்நீர் ஊற்றினாலும், குப்பையில் எறிந்தாலும் அவ்வுயிர்களுக்குத் தீங்கே நேர்கிறது. அந்நிலையில் கொல்லாமையைக் காக்கும் வழி நம்மிடம் பெரும்பாலும் இல்லை. அதைக் காக்கும் வாய்ப்பு இருந்தது வாங்கிய நாளில்தான்.

நீரை வடிகட்டிக் குடிக்கும் மரபினர் நாம். கிழங்கை விலக்கி, இரவுணவை நீக்கி வாழ்பவர் பலர் நம்மிடையே உள்ளனர். அத்தகைய தூய அடுக்களையின் பின்வரிசையிலேயே, யார் பசிக்கும் உதவாமல், யார் சுவைக்கும் பயன்படாமல், நூற்றுக்கணக்கான உயிர்கள் மடிவது அனர்த்தம் என்ற சொல்லுக்கு முழுப் பொருளாகும்.

மீட்டெடுக்கும் வழி

குதிரும் மரக்காலும் இனித் திரும்பி வாரா. நகரத்துச் சிறு வீட்டில் அவற்றுக்கு இடமும் இல்லை. ஆனால் அவற்றின் பின்னே இருந்த முறையை மீட்கலாம். அதற்குரிய கருவிகள் நம் மரபிலேயே உள்ளன.

அட்டமியும் சதுர்த்தசியும் நமக்கு நோன்பு நாட்கள். போசத உபவாசத்தின் வழுக்களைக் கூறும்போது ஆசாரியர்கள், பாராமலும் துடையாமலும் பொருளை எடுத்தலையும் வைத்தலையும் சேர்த்தே கூறினர். அடுப்பு ஓய்ந்திருக்கும் அந்நாளில் அலமாரியின் ஓர் அடுக்கை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்துத் துடைத்து, பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைத்தால், சில நோன்பு நாட்களில் அடுக்களை முழுதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாதந்தோறும் ஒரு நியமம் கொள்ளலாம்: இருப்பதைப் பார்த்து எழுதாமல் கடைக்குச் செல்வதில்லை, திறந்த பொட்டலம் தீராமல் அதே பொருளில் மற்றொன்று வாங்குவதில்லை. பயன்படாத பாத்திரங்களை வேண்டியவர்க்குக் கொடுத்துவிடலாம். மிகுதியாக வாங்கிய உணவுப் பொருளை, நாள் கடக்குமுன், பிரிக்காத நிலையிலேயே ஈந்துவிடலாம். கெட்டபின் கொடுப்பது தானம் ஆகாது. இவ்வாறு மிஞ்சும் பணம் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானத்துக்கும் ஊற்றாகும். உப்பு வணிகரும் பாணித வணிகரும் செய்த கொடையை நாமும் நம் அளவில் செய்தவராவோம்.

இவ்விழா அட்சய திருதியைத் திருநாள். இந்நாளின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பில் நின்ற ஆதிநாதர், பின்னர் உணவு ஏற்க ஊர்தோறும் நடந்தார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அறியாத மக்கள், அவர்முன் மணியும் பொன்னும் யானையும் குதிரையும் கொண்டுவந்து குவித்தனர். அவர் எதையும் ஏலாது சென்றார். இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கையளவு கருப்பஞ்சாறு அளிக்க, அதை ஏற்று நோன்பு முடித்தார். அம்மக்களிடம் பொருளுக்குக் குறைவில்லை; எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்ற அறிவே குறைவாக இருந்தது. ஈகைக்குரிய இந்நாளை உலகம் இன்று பொன் வாங்கும் நாளாக்கிவிட்டது. நாமேனும் இந்நாளில் புதிதாக ஒன்றை வாங்குமுன், வீட்டில் இருப்பதை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அளவறிந்து வாழ்வோம், எஞ்சியதை ஈந்து மகிழ்வோம்.

அருகன் அறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!